சுருளும் சுவடியும்

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில், சில ஆண்டுகட்கு முன் ஒரு சித்திரைப் பிற்பகலில், மூதாட்டியார் ஒருவர் ஒரு முழ நீளமுள்ள மூங்கிற்குழலை நம் முன் கொணர்ந்து வைத்தார். "அஜரத்து, இது எங்க அத்தாவுக்கு அவுங்க அத்தா கொடுத்தது. இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லணும்" என்றார். குழலின் வாயை அடைத்திருந்த துணியை நீக்கிக் கவிழ்த்தபோது, பழுப்பேறிய காகிதச் சுருள் ஒன்று நம் கையில் விழுந்தது. அரபியும் தமிழும் கற்றவன் என்னும் எண்ணம் நம்மை விரைவுபடுத்தியது. சுருளின் நுனியைப் பிடித்து இழுத்தோம். பனையோலை முறிவது போன்ற ஓசை எழுந்தது. அடுத்த கணம் அந்தச் சுருள் நம் மடியில் நான்கு துண்டுகளாகக் கிடந்தது.

அது ஒரு கொடைமுறி. ஹிஜ்ரி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுதப்பெற்றது. மூன்று தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி நீளமாக்கியிருந்தனர். தொடக்கத்தில் அரபியில் இறைப்புகழும் நபிவாழ்த்தும் இருந்தன. அடுத்து வந்த செய்தி முழுவதும் தமிழ். ஊருணிக்கரையை அடுத்த புன்செய் ஒன்றின் வருவாயைப் பள்ளிவாசல் விளக்கெண்ணெய்க்கும் ஊருணியைத் தூர்வாருதற்கும் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். நான்கெல்லை கூறும் பகுதியில் கிழக்கும் தெற்கும் மேற்கும் வாசிக்கக் கிடைத்தன. வடபாற்கெல்லை எழுதியிருந்த இடமும், சாட்சிகளின் கையெழுத்துகளிற் பாதியும் நம் மடியில் தூளாய்ப் போயின. தலைமுறை பலவாக வெயிலுக்கும் எலிக்கும் தப்பி வந்த வரியொன்று, அதனை வாசிக்க வந்தவனின் கையாலேயே அழிந்தது. மூதாட்டியார் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. துகள்களையும் விடாது ஒரு துணியிற் கூட்டி முடிந்து வைத்துக்கொண்டார்.

அன்று தொடங்கி, சுருள் என்னும் எழுத்துவடிவத்தைப் பற்றி நாம் தேடிக் கற்றவற்றை ஈண்டு வாசகர்முன் வைக்கின்றோம். நம்மைப் போலப் பிறரும் பிழை செய்யலாகாது என்பதே இதன் நோக்கம்.

முடங்கல் என்னும் சொல்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்வோர் காண்பன கரிசற்காடும், உடைமரமும், நீர் காணாத குண்டாறும், இடையிடையே நிமிர்ந்து நிற்கும் பனைகளுமே. வறண்ட இந்நிலத்திற்கு இறைவன் அளித்த எழுதுதாள் பனையோலையாகும். திருச்சுழிக் கோயிற்சுவரில் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கல்லில் எழுதுவிக்கும் வலிமை அரசர்க்கும் பெருநிலக் கிழார்க்கும் உண்டு. எளிய உழவனும் நெசவாளியும் வணிகனும் தம் கொடுக்கல் வாங்கலை எழுதியது ஓலையில், பின்னாளில் காகிதத்தில்.

தமிழர் ஓலையை இருவகையாக ஆண்டனர். நூல் எழுதுவதாயின், பதப்படுத்திய ஓலைகளை ஓரளவாக நறுக்கி, துளையிட்டு, கயிறு கோத்து, இருபுறமும் மரச்சட்டம் வைத்துக் கட்டினர். அது சுவடி. செய்தி அனுப்புவதாயின், ஒற்றை ஓலையில் எழுத்தாணியால் எழுதி, அதனைச் சுருட்டி, கட்டி, முத்திரையிட்டுத் தூதன் கையிற் கொடுத்தனர். சுருட்டிய அவ்வோலைக்குப் பழந்தமிழ்ப் பெயர் முடங்கல். வளைந்து மடங்கிக் கிடப்பது என்பது அச்சொல்லின் பொருள். விரித்து வாசிக்கும் ஓலையை நீட்டோலை என்றனர். முடங்கியது நீளுதலும் நீண்டது முடங்குதலும் சுருளுக்கே உரிய இயல்பு என்பதனை இவ்விரு சொற்களும் காட்டும்.

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்குக் கோசிகன் வாயிலாக விடுத்த ஓலை இத்தகைய முடங்கலே. மண் இலச்சினை இட்டு வந்த அதனைக் கோவலன் பிரித்து வாசிக்கின்றான். அவள் எழுதிய பணிமொழிகள் தன் பெற்றோர்க்குத் தான் எழுத வேண்டியவற்றிற்கும் பொருந்தி வருதலைக் கண்டு, அதே ஓலையை அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடமே கொடுத்தனுப்புகின்றான். ஒரு கை எழுதிய முடங்கல் இரு வழி சென்ற கதை அது.

ஓலையின் மதிப்பு எத்தகையது என்பதற்கு மற்றொரு சான்று. தஞ்சை இரகுநாத நாயக்கர் கி.பி. 1620இல் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறித்தியானுக்குத் தமிழில் விடுத்த மடல் பொற்றகட்டில் பொறிக்கப்பெற்றது. அம்மடல் இன்றும் டென்மார்க்கில் உள்ளது. பொன்னில் எழுதும் செல்வம் உடையவரும் அப்பொன்னை ஓலை வடிவிலேயே அமைத்தனர்.

கிர்தாஸும் கடுதாசியும்

அரபு நாட்டு எழுத்து வரலாற்றைக் கற்குங்கால், சுருள் நமக்கு இன்னும் நெருக்கமாகின்றது. திருக்குர்ஆனில் எழுதுபொருளைக் குறிக்கும் சொற்கள் பல. அல்-அன்ஆம் அத்தியாயத்தில் கிர்தாஸ் என்னும் சொல்லும், அத்-தூர் அத்தியாயத்தில் மென்தோலைக் குறிக்கும் ரக்கு என்னும் சொல்லும் வருகின்றன. அல்-அன்பியா அத்தியாயத்தில், மறுமையில் வானம் சுருட்டப்படுதற்கு எழுத்தேட்டைச் சுருட்டும் செயலே உவமையாக வருகின்றது. ஆங்கு வரும் ஸிஜில் என்னும் சொல்லுக்கு விரிவுரையாளர் பலர் எழுத்தேடு என்றே பொருள் கொண்டனர். அம்மறையை முதன்முதற் செவியுற்ற மக்களுக்குச் சுருள் கண்டறிந்த பொருளாய் இருந்தமையாலன்றோ அது உவமையாயிற்று!

கிர்தாஸ் என்பது மிஸ்ரு நாட்டு நீர்க்கோரையினின்று செய்த பாப்பிரசுத் தாளைக் குறித்து வழங்கிய சொல். கிரேக்கர் அதனைக் கார்த்தேஸ் என்றனர். அச்சொல்லே அரபியில் கிர்தாஸ் ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் நம் கடலிற் புகுந்து, தம் அனுமதிச்சீட்டு இன்றி எக்கலமும் செல்லலாகாது எனக் கட்டளையிட்டனர். மரக்காயர் கலங்களும் அக்கட்டளைக்கு ஆளாயின. அச்சீட்டின் பெயர் கர்த்தாஸ். அது அரபிக் கிர்தாஸின் திரிபு என்பர். நம் ஊர்ப்புறங்களில் மடலைக் கடுதாசி என்கிறோமே, அச்சொல்லும் போர்த்துகீசியர் வழி வந்ததென்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். நைல் ஆற்றங்கரைக் கோரையின் பெயர் அரபியின் வழியே கடல் கடந்து, கரிசற்காட்டுத் தபாற்காரர் வாயில் வந்து நிற்கின்றது.

ஆசுதிரிய நாட்டு வியன்னா நகரின் தேசிய நூலகத்தில் பாப்பிரசு ஏடுகளின் பெருந்தொகுதி ஒன்று உள்ளது. அதில் இரண்டு ஏடுகளை நாம் அறிதல் வேண்டும். ஒன்று ஹிஜ்ரி 22ஆம் ஆண்டு, அஃதாவது கி.பி. 643இல் எழுதப்பெற்றது. மிஸ்ரில் முஸ்லிம் படைத்தலைவர் ஒருவர் தம் படைக்கு 65 ஆடுகள் பெற்றுக்கொண்டமைக்குக் கொடுத்த பற்றுச்சீட்டு அது. கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பெற்ற அச்சீட்டு, நாளிட்ட அரபு ஆவணங்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம் அது. வென்ற படை பெற்ற ஆட்டிற்கும் எழுத்து வைத்தது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்-பகரா அத்தியாயம் இட்ட கட்டளை ஓர் ஆட்டுக்கிடை வரை சென்றமைக்கு இது சான்று.

மற்றொன்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது. சேரநாட்டு முசிறித் துறையோடு நடந்த வாணிபம் பற்றிய கடன் ஒப்பந்தம் அதன் ஒரு புறம் உள்ளது. மறுபுறம், ஹெர்மபொல்லன் என்னும் கலத்தில் வந்த சரக்கின் மதிப்புக் கணக்கு உள்ளது. 1985இல் அச்சேறிய இவ்வேட்டினால், பண்டைத் தமிழகத்தின் வாணிபப் பெருமை எண்ணளவிற் புலனாயிற்று. அக்கணக்கை எழுதியவன் புகழ் கருதி எழுதினானல்லன். கொடுத்ததும் பெற்றதும் பின்னர் வழக்காகலாகாது என்று கருதியே எழுதினான். அந்த எளிய கருத்தே பதினெட்டு நூற்றாண்டுகட்குப் பின் நமக்கு வரலாறு தந்தது.

சுருள் யாருக்கு, சுவடி யாருக்கு?

ஓர் ஐயம் எழலாம். சுருள் அத்துணைப் பழமையும் பெருமையும் உடையதாயின், திருக்குர்ஆன் ஏன் சுருளாக அமையாது, தாள்களை அடுக்கிக் கட்டிய முஸ்ஹஃபாக அமைந்தது? யூதர் தம் தவ்ராத்தை இன்றும் தொழுகைக்கூடத்தில் சுருளாகவே வைத்து ஓதுகின்றனர். 1947 முதல் சாக்கடலை அடுத்த குகைகளிற் கிடைத்த ஏடுகளுள் ஏசாயாச் சுருள் ஒன்று ஏழு மீட்டருக்கும் மேல் நீளமானது. சீனத்தில் கி.பி. 868இல் அச்சிடப்பெற்ற வைரசூத்திரம் என்னும் பௌத்த நூலும் சுருளே.

அபூபக்கர் (ரலி) அவர்கள் காலத்தில் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் மறைவசனங்களைத் திரட்டியபோது, அவை பேரீச்ச மட்டைகளிலும், மெல்லிய வெண்கற்களிலும், மனிதர் நெஞ்சங்களிலும் இருந்தன என்று ஹதீஸ் நூல்கள் கூறும். பேரீச்ச மட்டையைச் சுருட்ட இயலாது, அடுக்கவே இயலும். பின்னர் உதுமான் (ரலி) அவர்கள் படியெடுத்து நகரங்களுக்கு அனுப்பியவற்றை நாம் முஸ்ஹஃப் என்றே வழங்குகிறோம். அப்பெயர் ஏடுகளின் தொகுப்பைச் சுட்டும். மனனம் செய்வோன் தான் ஐயுற்ற இடத்தை உடனே திருப்பிப் பார்த்தல் வேண்டும். சுருளிலோ, நடுவில் உள்ள ஒரு வரியைக் காண முன்னுள்ள அனைத்தையும் அவிழ்த்தாக வேண்டும். அதற்கு இரு கையும் வேண்டும். மீண்டும் மீண்டும் ஓதுதற்குரிய மறை முஸ்ஹஃபாக நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதலாம்.

எனினும் முஸ்லிம் உலகு சுருளைக் கைவிடவில்லை. அதற்குரிய பணியை அதற்கு அளித்தது. அரசாணை, வக்ஃபு முறி, ஆன்மிக வழித்தொடர் கூறும் ஷஜரா, ஹஜ் நிறைவேற்றியமைக்கான சான்று ஆகியன பெரிதும் சுருள்களாகவே எழுதப்பெற்றன. மைமூனா என்னும் பெண்மணி ஹிஜ்ரி 836, கி.பி. 1433இல் ஹஜ் செய்தமைக்குரிய சான்றுச்சுருள் இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. மக்கா, மதீனாத் திருத்தலங்களின் ஓவியங்களும் அதில் உள்ளன. ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயரும் அவள் பயணமும் சுருளொன்றினால் ஆறு நூற்றாண்டு கடந்து நிற்கின்றன.

நம் தமிழ்நாட்டிலும் இதே முறை நிலவியது. 1572இல் மதுரையில் அரங்கேறியதாகக் கூறப்பெறும் ஆயிரமசலாவும், 5027 பாடல்கள் கொண்ட உமறுப்புலவரின் சீறாப்புராணமும் சுவடியில் வாழ்ந்த நூல்கள். செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842இல் சீறாவை அச்சேற்றியதனால், இன்று அது வீடுதோறும் உள்ளது. நூல்களுக்கு அத்தகைய பெருமக்கள் வாய்த்தனர். மூங்கிற்குழலில் உறங்கும் முறிகளை அச்சேற்றுவார் யார்? நூலுக்குப் பல படிகள் உண்டு. ஒன்று அழியினும் மற்றொன்று நிற்கும். கொடைமுறிக்குப் படி அரிது. அது ஒரே சுருள். ஒரே குடும்பத்தின் கையில் உள்ளது. அது போயின் அனைத்தும் போம்.

பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணப்பந்தரிற் புகுந்த முதியவரின் கதையைத் தமிழ் கற்றோர் அறிவர். அவர் காட்டிய அடிமை ஓலையை மணமகன் பறித்துக் கிழித்தெறிகின்றார். முதியவரோ, கிழிந்தது படியோலை, மூலவோலை வேறு உள்ளது எனக் கூறி, வெண்ணெய்நல்லூர் அவையில் அதனைக் காட்டி வழக்கை வெல்கின்றார். சமயம் எதுவாயினும், படி ஒன்று, மூலம் ஒன்று என வைக்கும் ஆவண அறிவு தமிழர்க்குப் பொதுச்சொத்து. அவ்வறிவை நாம் மறந்தோம்.

கறையானுக்கு நீதி தெரியாது

குறைஷியர் ஹாஷிம் குலத்தாரை ஒதுக்கி வைத்து எழுதிய உடன்படிக்கையைக் கஅபாவினுள் தொங்கவிட்டனர். ஆண்டுகள் சில கழிந்தபின் பார்க்கையில், இறைவன் திருப்பெயர் நீங்கலாக ஏனைய எழுத்தைக் கறையான் தின்றிருந்ததென ஸீரா நூல்கள் கூறும். அநீதியை எழுதிய ஏட்டைக் கறையான் தின்றது இறைவன் ஏவலால் நிகழ்ந்த அற்புதம். கரிசற்காட்டுக் கறையானுக்கோ அத்தகைய ஏவல் இல்லை. ஊருணி தூர்வார எழுதி வைத்த அறக்கொடையையும் அது அதே பசியோடு தின்னும்.

கறையானினும் கொடியது நம் அறியாமை. குழலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். தலைமுறை தோறும் கைமாற்றினோம். ஆயின் வாசிக்கக் கற்பிக்கவில்லை. தமிழ் எண்களை அறிந்த பிள்ளை இன்று ஊருக்கு எத்தனை பேர்? அரபுத்தமிழ் வாசிக்க வல்ல மூதாட்டியர் மறையுந்தோறும், அவர்தம் பெட்டியில் உள்ள கிதாபுகளும் ஊமையாகின்றன. நிலங்களை அளந்து பட்டியலிட 1954ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டமும் பின்னர் 1995ஆம் ஆண்டின் சட்டமும் வழிசெய்தன. 2025ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் வக்ஃபுச் சொத்து விவரங்களை இணையத்திற் பதியும் கடமையும் வந்தது. எல்லை எது, எழுத்து எங்கே என்று வினவுங்காலத்தில், 'எங்கள் பாட்டனார் சொன்னார்' என்னும் விடை போதாது. வடபாற்கெல்லை இழந்த அந்த ஊரார்க்கு நாம் இன்றும் கடனாளியே.

செய்யத்தக்கன

ஆதலின் வாசகர் தம் இல்லங்களில் சுருள் ஏதும் இருப்பின், நாம் செய்ததைச் செய்யாதிருப்பாராக. வறண்ட சுருளை உடனே விரிக்கலாகாது. மூடியுள்ள அகன்ற பெட்டியின் அடியில் ஈரத்துணி பரப்பி, அதன்மேல் ஈரம் தொடாதபடி வலைத்தட்டு ஒன்றை அமைத்து, அத்தட்டில் சுருளை வைத்து மூடினால், சில மணி நேரத்தில் தாள் ஈரக்காற்றை உண்டு நெகிழும். இடையிடையே திறந்து பார்த்தல் வேண்டும். நீர்த்துளி சுருளின்மேல் வீழலாகாது. பழைய மை கரையும். நாட்கணக்கில் விட்டால் பூஞ்சை படரும். நெகிழ்ந்தபின் சிறிது சிறிதாக விரித்து, ஓரங்களில் மெல்லிய பாரம் வைத்துப் படிய விடுக. தானே செய்யத் துணிவில்லாதார் அறிந்தாரிடம் கொடுத்தலே நன்று. கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டுதலும் கண்ணாடித்தாள் ஏற்றுதலும் கேடு பயக்கும். சோற்றுப்பசையும் மாப்பசையும் பூச்சியை அழைக்கும்.

ஓலையாயின், முன்னோர் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி அதனை நெகிழ்வித்தனர். விளக்குக்கரி பூசி எழுத்தைத் தெளிவித்தனர். எண்ணெய் ஓலைக்கேயன்றிக் காகிதத்திற்கு ஆகாது.

விரித்தவுடன் முதற்கடமை படியெடுத்தல். இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியே நிழற்படம் எடுக்கும். பகலொளியில், வரிசை எண் இட்டு, ஒவ்வொரு பகுதியையும் படமெடுத்து, வெவ்வேறு மூவரிடம் வைத்தல் வேண்டும். பின்னர் எழுத்தறிந்தார் ஒருவரைக் கொண்டு, வரிக்கு வரி எழுதி வைத்தல் வேண்டும். மூலத்தை மீண்டும் இறுகச் சுருட்டாது, பருத்த குழலொன்றின்மேல் தளரச் சுற்றி, பருத்தித் துணியிற் பொதிந்து வைத்தல் நன்று. வீட்டில் காக்க இயலாதெனின், 1869இல் நிறுவப்பெற்ற சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற நிலையங்கள் உள்ளன. அரபி, பாரசீகச் சுவடிகளும் ஆங்கு உள்ளன.

மத்ரஸாக்களை நடத்தும் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். கிதாபு ஓதும் மாணவர்க்கு வாரத்தில் ஒரு நாழிகையேனும் தம் ஊர்ப் பழைய முறிகளை வாசிக்கப் பயிற்சி அளித்தல் ஆகாதா? தொலைதூரத்து மன்னரின் ஆணையை வாசிக்கும் அறிவு பெருமைக்குரியதே. தம் ஊர் ஊருணிக்கு எழுதிய முறியை வாசிக்கும் அறிவோ கடமை.

அந்த மூதாட்டியாரை ஓராண்டு கழித்து மீண்டும் கண்டோம். எஞ்சிய துண்டுகளை முறைப்படி நெகிழ்வித்து, படமெடுத்து, எழுதி, அவர் பேரனிடம் கொடுத்தோம். அப்பிள்ளை தமிழ் எண்களை நம்மிடம் ஒரே நாளிற் கற்றுக்கொண்டு, நிலத்தின் அளவைத் தானே உரக்க வாசித்தான். மூதாட்டியார் துணி முடிச்சை அவிழ்த்து, அதில் இருந்த துகள்களை நம்மிடம் நீட்டி, "இதுலயும் ஏதாச்சும் எழுத்து இருக்கா பாருங்க, அஜரத்து" என்றார். பார்த்தோம். ஒரு துகளில் 'வட' என்னும் இரண்டெழுத்து இருந்தது. அதற்கு மேல் இல்லை.

மனிதனின் வினையேடு மறுமையில் விரித்த நிலையில் அவனை எதிர்கொள்ளும் என்று ஓதுகின்றோம். முன்னோர் நம்மை நம்பிச் சுருட்டி வைத்த அமானிதம் பற்றியும் அதில் ஒரு வரி இருக்கும் அன்றோ? அவ்வரி நமக்குச் சான்றாக அமைய வல்ல இறைவன் அருள்புரிவானாக.